பழைய மலை மிதிவண்டிகளின் கம்பிவடங்கள்

கம்பிவடம் என்பது மிதிவண்டியின் கைப்பிடியில் உள்ள நெம்புகோலின் இழுவிசையைப் பிரேக்குக்கோ கியர் மாற்றிக்கோ கொண்டு செல்லும் உறுப்பாகும். வளையக்கூடிய உறை ஒன்றும், அதனுள் நழுவி இயங்கும் முறுக்கிய எஃகுக் கம்பி ஒன்றும் சேர்ந்ததே கம்பிவடம். தமிழ்நாட்டின் பழுதுபார்க்கும் கடைகளில் இது பிரேக் ஒயர், கியர் ஒயர் என்றும், இதன் உறை அவுட்டர் என்றும், உள்கம்பி இன்னர் என்றும் வழங்கப்படுகிறது.

1980களிலும் 1990களிலும் செய்யப்பட்ட எஃகுச் சட்டக மலை மிதிவண்டிகளை மீட்டமைப்போர் வண்ணப் பூச்சுக்கும் சக்கரங்களுக்கும் தரும் கவனத்தைக் கம்பிவடங்களுக்குத் தருவது அரிது. வண்டியின் மிக மலிவான உறுப்புகளுள் ஒன்றாகிய இதுவே அவ்வண்டி நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற சென்னைப் பகுதிகளில் கடற்காற்று, ஈரப்பதம், மழைக்காலத்தில் தேங்கும் தெருநீர் ஆகிய மூன்றும் சேர்வதால் இங்கு கம்பிவடத்தின் தேர்வும் பராமரிப்பும் உள்நாட்டு நகரங்களில் இருப்பதைவிட முக்கியத்துவம் பெறுகின்றன.

இயங்கும் முறை

நெம்புகோலை அழுத்தும்போது உள்கம்பி இழுவிசைக்கு உட்படுகிறது. அதே வேளையில் உறை அதே அளவு அமுக்கவிசையைத் தாங்குகிறது. உறையின் இரு முனைகளும் நிலையான தடுப்புகளில் முட்டி நிற்பதால், உறை எவ்வாறு வளைந்திருந்தாலும் உள்கம்பியின் ஒரு முனையில் ஏற்படும் நகர்வு மறுமுனையில் கிடைக்கிறது. உறை அமுங்கிச் சுருங்கினால் அந்த நகர்வின் ஒரு பகுதி வீணாகும். கம்பிக்கும் உறைக்கும் இடையே உராய்வு கூடினால் விசையின் ஒரு பகுதி வீணாகும். கம்பிவடத்தில் தோன்றும் குறைகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

உராய்வினால் ஏற்படும் இழப்பை, உருளையைச் சுற்றிய கயிற்றுக்கு இயற்பியலில் பயன்படும் ஆய்லர்–ஐட்டெல்வைன் சமன்பாட்டைக் கொண்டு மதிப்பிடலாம். இதன்படி இழப்பு, உராய்வுக் கெழுவையும் உறை வளையும் மொத்தக் கோணத்தையும் சார்ந்தது. உறையின் நீளம் இதில் நேரடியாக இடம்பெறுவதில்லை. எடுத்துக்காட்டாக, பின் பிரேக்கின் உறை மொத்தம் 180 பாகை வளைவதாகவும் உராய்வுக் கெழு 0.1 எனவும் கொண்டால், 100 பங்கு விசையில் சுமார் 73 பங்கு மறுமுனையை அடைகிறது. துருவினால் உராய்வுக் கெழு 0.3 ஆக உயர்ந்தால் சுமார் 39 பங்கே எஞ்சும். அதாவது, அதே கை, அதே நெம்புகோல், அதே பிரேக் இருந்தும் நிறுத்தும் திறன் ஏறத்தாழ பாதியாகிறது. நல்ல நிலையில் உள்ள வடத்திலும் தேவையற்ற 90 பாகை வளைவு ஒன்று சேர்ந்தால் 73 என்பது 62 ஆகக் குறைகிறது. பின் பிரேக் எப்போதும் முன் பிரேக்கைவிட மந்தமாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

வரலாறு

இவ்வகை வடத்துக்கு 1896ஆம் ஆண்டு பிரித்தானியாவில் எர்னஸ்ட் மானிங்டன் போடன் காப்புரிமை பெற்றார். ஆகவே பொறியியல் நூல்களில் இது போடன் வடம் எனப்படுகிறது. ராலே மிதிவண்டி நிறுவனத்தின் பிராங்க் போடன் வேறொருவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதுவது பரவலாகக் காணப்படும் குழப்பம்.

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய கறுப்பு நிற ரோட்ஸ்டர் வண்டிகளில் கம்பிவடம் இல்லை. அவற்றில் எஃகுத் தண்டுகளால் இயங்கும் பிரேக் இருந்தது. தண்டுக்கு உறை இல்லை. உறையில்லாத இடத்தில் துரு வெளிப்படையாகத் தெரியும். ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகும். கம்பிவடம் கொண்ட வண்டிகள் பரவியபோது துருவும் உறைக்குள் மறைந்துகொண்டது.

மலை மிதிவண்டி 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் மாவட்டத்தில் உருவானது. ஜோ பிரீஸ் 1977இல் இதற்கெனவே சட்டகம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. தொடக்ககால வண்டிகள் பலவற்றில் மோட்டார் சைக்கிளின் பிரேக் நெம்புகோல்கள் பொருத்தப்பட்டன. இந்தியாவில் 1990களில் ஹெர்குலிஸ் எம்டிபி, ஹீரோ ரேஞ்சர் முதலியன பள்ளி, கல்லூரி மாணவரிடையே புகழ்பெற்றன. இவற்றுள் ஹெர்குலிஸ், 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் பெயராக அம்பத்தூருடன் தொடர்புடையது. அக்கால இந்திய மலை மிதிவண்டிகள் பல ஒற்றை வேக வண்டிகள். ஆகவே அவற்றில் இரண்டு பிரேக் வடங்களே இருக்கும். பல வேக வண்டிகளில் முன், பின் கியர் மாற்றிகளுக்கு மேலும் இரண்டு வடங்கள் உண்டு.

சென்னையின் தட்பவெப்பமும் துருவும்

சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. இதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. மற்ற மாதங்களிலும் காற்றின் ஈரப்பதம் அதிகமே. பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் கடற்காற்றோடு வரும் உப்புத்துகள்கள் உலோகத்தில் படிந்து ஈரத்தை ஈர்த்துக்கொள்கின்றன. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அரிப்பை விரைவுபடுத்துகின்றன. தியாகராய நகரின் சிக்கல் வேறு. 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து அமைக்கப்பட்ட பகுதி ஆதலால், கனமழையின்போது அதன் தாழ்வான தெருக்களில் நீர் தேங்குகிறது. அந்நீரிலுள்ள வண்டல் பின் சக்கரத்தருகே திறந்திருக்கும் உறை முனைகள் வழியாக உள்ளே புகுகிறது.

உறையினுள் நீர் எங்கும் சீராகப் பரவுவதில்லை. மேல்நோக்கித் திறந்த முனையில் நுழைந்து வளைவின் தாழ்ந்த இடத்தில் தங்குகிறது. பின் கியர் மாற்றிக்குச் செல்லும் கடைசி வளைவு இத்தகைய இடம். ஆகவே வெளியே பளபளப்பாகத் தெரியும் வடம் அங்கு மட்டும் துருவேறி இருக்கக்கூடும்.

உள்கம்பியின் தேர்வு

கடைகளில் கிடைக்கும் உள்கம்பிகள் இரு வகைப்படும். துத்தநாகப் பூச்சுக் கொண்ட எஃகுக் கம்பி விலை குறைந்தது. பூச்சு தேய்ந்த பிறகு, குறிப்பாக வெட்டப்பட்ட முனையில், செந்துரு பிடிக்கும். துருப்பிடிக்கா எஃகுக் கம்பி விலை கூடியது. கடலோரக் காற்றில் இதிலும் காலப்போக்கில் சிறு புள்ளிகள் தோன்றலாம் எனினும் துத்தநாகக் கம்பியைவிடப் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். விலை வேறுபாடு மொத்த மீட்டமைப்புச் செலவில் மிகச் சிறியது. சென்னையில் துருப்பிடிக்கா எஃகைத் தவிர வேறொன்றைத் தேர்வதற்குக் காரணம் ஏதுமில்லை.

பிரேக் கம்பியின் விட்டம் பொதுவாக 1.5 முதல் 1.6 மி.மீ. வரை இருக்கும், கியர் கம்பியின் விட்டம் 1.1 முதல் 1.2 மி.மீ. வரை. கம்பியின் முனையிலுள்ள உலோகக் குமிழின் வடிவமும் பொருந்த வேண்டும். மலை மிதிவண்டியின் பிரேக் நெம்புகோலுக்கு உருளை வடிவக் குமிழும், பந்தய மிதிவண்டியின் நெம்புகோலுக்குப் பேரிக்காய் வடிவக் குமிழும் உரியன. ஒரு முனையில் ஒரு வடிவமும் மறுமுனையில் மற்றொன்றுமாக விற்கப்படும் கம்பிகளில் வேண்டாத குமிழை வெட்டி நீக்கிப் பயன்படுத்துவர். பொருந்தாத குமிழை அரத்தால் தேய்த்து நெம்புகோலுக்குள் திணிப்பது ஆபத்தானது. அது பாதி விசையில் நழுவக்கூடும்.

உறையின் தேர்வு

பிரேக் உறையும் கியர் உறையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் அமைப்பில் வேறானவை. பிரேக் உறையில் தட்டைக் கம்பி ஒன்று சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன் வெளி விட்டம் பொதுவாக 5 மி.மீ. பெருவிசையைத் தாங்குவதே இதன் பணி. கியர் உறையில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும். விட்டம் பெரும்பாலும் 4 மி.மீ. இது நீளத்தில் சுருங்காது. ஷிமானோ நிறுவனம் 1984இல் படிநிலை கியர் மாற்ற முறையை அறிமுகப்படுத்திய பின் இப்பண்பு தேவையாயிற்று. 7 பற்சக்கரங்கள் கொண்ட பின் தொகுதியில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 5 மி.மீ. தொலைவே உள்ளது, அதைக் கடக்கக் கம்பி சுமார் 3 மி.மீ. நகர்ந்தால் போதும். சுருள் உறை அழுத்தத்தில் ஒரு மி.மீ. சுருங்கினாலும் சங்கிலி இரு சக்கரங்களுக்கிடையே தடுமாறும்.

எக்காரணத்தாலும் கியர் உறையைப் பிரேக்குக்குப் பயன்படுத்தலாகாது. அவசரப் பிரேக்கின் விசையில் நீளவாக்குக் கம்பிகள் பிளாஸ்டிக் மேலுறையைப் பிளந்து வெளிவரலாம். அது நிகழ்வது பிரேக் மிகத் தேவைப்படும் நொடியில்தான். தெருமுனைக் கடைகளில் சுருளாக வைத்து மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் உறையை வாங்கும்போது வெட்டுமுனையைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும்: சுருளாயின் பிரேக்குக்கு; வட்டமாக அடுக்கிய கம்பி முனைகளாயின் கியருக்கு. பாரிமுனையை அடுத்த ரத்தன் பஜார் மிதிவண்டி உறுப்புக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. இருவகை உறைகளையும் ஒப்பிட்டு வாங்க விரும்புவோர் தென் சென்னையிலிருந்தும் அங்கு செல்வதுண்டு.

உறையினுள் டெஃப்லான் போன்ற வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் உள்ளதா என்பதையும் நோக்க வேண்டும். பழைய உறைகள் பலவற்றில் அது இராது; எஃகின் மீது எஃகு உரசும். 1990களின் வண்டியை அதன் காலத் தோற்றத்துடன் வைத்திருக்க விரும்புவோர் உட்குழாய் உள்ள புதிய உறையைப் பழைய நிறத்தில் வாங்குவது ஏற்ற வழி.

பிரேக் வகையும் வடமும்

1990களின் நடுப்பகுதி வரை உயர்வகை மலை மிதிவண்டிகளில் கேன்டிலீவர் பிரேக்குகள் பரவலாக இருந்தன. இவற்றில் முதன்மைக் கம்பி ஒரு கொக்கியில் முடியும். அக்கொக்கி, இரு பிரேக் கைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியை மேலே இழுக்கும். முன் சக்கரத்தில் முதன்மைக் கம்பி அறுந்தால், குறுக்குக் கம்பி தளர்ந்து டயரின் மீது விழும். மலை மிதிவண்டியின் கட்டைப் பற்கள் கொண்ட டயர் அதைப் பற்றி இழுத்துச் சக்கரத்தை ஒரே கணத்தில் பூட்டிவிடும். ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். முன் கவையில் பொருத்தப்படும் ஒளித்திருப்பியின் தாங்கி இக்குறுக்குக் கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் காப்பாகவும் பயன்படுகிறது. அழகுக்காக ஒளித்திருப்பியைக் கழற்றுவோர் இந்தக் காப்பையும் சேர்த்தே கழற்றுகின்றனர். மீட்டமைத்த வண்டியில் அத்தாங்கியை மீண்டும் பொருத்துவது அவசியம்.

1996இல் ஷிமானோ அறிமுகப்படுத்திய வி-பிரேக்கில் குறுக்குக் கம்பி இல்லை. பழைய வண்டிக்கு இதைப் பொருத்துவது எளிதாகத் தோன்றும். ஆனால் இதற்கு வேண்டிய கம்பி நகர்வு கேன்டிலீவருக்கு வேண்டியதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பழைய நெம்புகோலைக் கொண்டு இழுத்தால் நெம்புகோல் கைப்பிடியில் முட்டுமுன் கட்டைகள் ரிம்மை அழுத்தாமற் போகலாம். பிரேக்கை மாற்றினால் நெம்புகோலையும் மாற்ற வேண்டும்.

பொருத்துதல்

பழைய உறைகளை எறியுமுன் அவற்றின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்வது வழக்கம். எனினும் முன்பு பழுதுபார்த்தவர் சரியாக வெட்டியிருந்தார் என்பதற்கு உறுதியில்லை. கைப்பிடியை இடக்கோடி, வலக்கோடி எனத் திருப்பும்போது உறை இழுபடாமலும், நேராக வைக்கும்போது பெரிய வளையமாகத் தொங்காமலும் இருக்கும் நீளமே சரியானது. இந்தியாவில் வலக்கை நெம்புகோல் முன் பிரேக்கை இயக்குவதே வழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிகள் சிலவற்றில் இது மாறியிருக்கும். அவற்றை மாற்றியமைக்கும்போது உறையின் நீளமும் வளைவும் மாறும்.

உறையைச் சாதாரண இடுக்கியால் நறுக்கினால் முனை நசுங்கி உள்துளை அடைபடும். கூர்மையான கம்பிவெட்டியால் வெட்டி, முனையை அரத்தால் தட்டையாக்கி, மூடிக்கொண்ட உட்குழாயை ஊசியால் திறந்துவிட வேண்டும். பின்னர் உலோக முனைமூடி இடப்படுகிறது. உள்கம்பியின் வெட்டுமுனை பிரியாதிருக்கச் சிறு அலுமினிய மூடியை நசுக்கிப் பொருத்துவர். ஈயப்பற்று வைப்பதும் உண்டு. கம்பியைப் பிடிக்கும் திருகாணியை 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். அளவுக்கு மீறினால் கம்பியின் இழைகள் நசுங்கி அங்கேயே அறும்.

எஃகுச் சட்டகத்துக்கே உரிய சில இடங்கள் உள்ளன. மேல்குழாயில் பற்றவைக்கப்பட்ட வடத்தடுப்புகளில் பிளவு இருந்தால், நெம்புகோலைத் தளர்த்தி உறையைப் பக்கவாட்டில் எடுத்து, கம்பியைக் கழற்றாமலே துடைக்கலாம். பழைய வடிவமைப்பின் மிகப் பயனுள்ள கூறுகளுள் இது ஒன்று. மிதி அச்சின் அடியில் கம்பி செல்லும் வழிகாட்டியில் சேறும் உப்பும் சேரும். அவ்வழிகாட்டி உலோகத்தாலானதாயின் உட்குழாயின் சிறு துண்டு ஒன்றை அங்கு செருகுவது நல்லது. தலைக்குழாயில் உறை உரசும் இடத்தில் வண்ணம் தேய்ந்து சட்டகமே துருப்பிடிக்கத் தொடங்கும். அவ்விடத்தில் நிறமற்ற ஒட்டுநாடா ஒன்றை இட்டால் புதிய வண்ணம் காக்கப்படும்.

புதிய வடம் முதல் சில நாட்களில் தளர்வது இயல்பு. இதைக் கம்பி நீண்டுவிட்டதாகச் சொல்வர். உண்மையில் உறை முனைகள் தத்தம் மூடிகளில் நன்கு படிவதே இதற்குப் பெரும் காரணம். நெம்புகோலிலுள்ள சரிசெய்யும் திருகைச் சற்றுத் திருப்பி இதை நேர்செய்யலாம்.

பராமரிப்பு

உட்குழாய் இல்லாத பழைய உறைக்கு மசகுப்பசை தேவை; இல்லையேல் விரைவில் துருவேறும். உட்குழாய் உள்ள உறைக்குக் கெட்டியான பசை தேவையில்லை. கியர் வடத்தில் அது கம்பியின் திரும்பலை மந்தமாக்கும். மெல்லிய எண்ணெய்ப் படலம் போதுமானது. தையல் இயந்திர எண்ணெய் இதற்கு ஏற்றது. வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் தேங்காயெண்ணெய் நாளடைவில் தூசியைப் பிடித்துப் பிசுக்காகிறது. மண்ணெண்ணெய் அழுக்கை நீக்குமே தவிர மசகாக நிலைக்காது. நீரை வெளியேற்றும் தெளிப்பான்களும் அவ்வாறே.

சோதனைக்கு ஏற்ற காலம், பருவமழைக்கு முன் செப்டம்பர் இறுதியும் மழை ஓய்ந்த சனவரியும் ஆகும். கம்பி பெரும்பாலும் கண்ணில் படும் இடத்தில் அறுவதில்லை. நெம்புகோலின் தலைக்குள், குமிழை ஒட்டி, இழை இழையாக அறுகிறது. நெம்புகோலை முழுதும் அழுத்தி அதன் உட்புறத்தைப் பார்த்தால் இது தெரியும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்ற வேண்டும். கியர் கம்பியும் இதேபோல் மாற்றியின் உட்புறத்திலேயே அறும். படிநிலை திடீரெனத் தவறத் தொடங்குவது அதன் முன்னறிகுறி. அழுத்திய நெம்புகோல் தானாக விரைந்து திரும்பாவிடில் உறைக்குள் துரு உள்ளது எனக் கொள்ளலாம். பிரேக்கின் சுருள்வில்லை வலுப்படுத்தி இதை மறைப்பது தீர்வாகாது.

அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் நிறுத்தப்படும் வண்டிகளைப் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடுவதும் தீங்கானது. விரிப்பு மழையைத் தடுக்கும். ஆனால் ஈரத்தையும் உள்ளே பூட்டிவைக்கும். அடிப்புறம் திறந்த மூடியே நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் நீர் தேங்கியது. இவ்வாறு நீரில் மூழ்கிய வண்டியில் சட்டகத்தையும் நெம்புகோல்களையும் பெரும்பாலும் மீட்கலாம். கம்பிவடங்களை மீட்க முயல்வது வீண். உறையின் எஃகுச் சுருளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே புகுந்த நீரை வெளியேற்ற வழியில்லை. நுண் வண்டல் அரத்தூளைப்போல் கம்பியைத் தேய்க்கும். உறையும் உள்கம்பியும் முழுமையாக மாற்றப்பட வேண்டும்.

மூலத்தன்மை

பழைய வண்டிகளைச் சேகரிப்போரிடையே மூல உறுப்புகளைக் காப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நெம்புகோல், பிரேக் கைகள், கட்டைவிரலால் இயக்கும் கியர் மாற்றிகள் ஆகியவை பழையனவாக இருப்பது வண்டியின் மதிப்பைக் கூட்டும். கம்பிவடமோ தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. முப்பது ஆண்டுப் பழைய கம்பியைத் தெருவில் ஓடும் வண்டியில் வைத்திருப்பது பாதுகாப்புக்கு உகந்ததன்று. வண்டி காட்சிக்கு வைக்கப்படும் நாளில் மட்டும் பழைய உறைகளைப் பொருத்திக்கொள்ள விரும்புவோர், கழற்றிய வடங்களைத் துடைத்து, லேசாக எண்ணெயிட்டு, எந்த வடம் எந்த இடத்துக்குரியது எனக் குறிப்புச் சீட்டுக் கட்டிப் பெரிய வளையமாகச் சுருட்டி வைப்பர். இறுக மடித்தால் உறை அவ்விடத்தில் நிலையாக முறிந்துவிடும்.